சுண்ணாம்பு, நீலம், வட்டி: மறுமலர்ச்சிக் கால இத்தாலி பற்றி வாசகர் கேள்விகள்

மறுமலர்ச்சிக் காலம் பற்றி வந்த கடிதங்களில் பாதி ‘யார் பெரிய மேதை?’ ரகம். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, ‘எப்படிச் செய்தார்கள், என்ன செலவானது?’ என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

லியொனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ ஓவியம் சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். மைக்கேலேஞ்சலோ வரைந்த, வாடிகனின் சிஸ்டைன் தேவாலய விதானமோ 500 ஆண்டு தாண்டியும் நிற்கிறது. லியொனார்டோ மட்டமான சாயத்தை வாங்கி ஏமாந்துவிட்டாரா? (தஞ்சாவூர் வாசகர்)

சாயத்தின் மேல் பழி போட வேண்டாம். சாயம் சுவரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

சிஸ்டைன் விதானம் ஃப்ரெஸ்கோ முறையில் வரைந்தது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்றி, குழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட சுண்ணாம்புதான் அதற்கு ஆதாரம். முதலில் மணல் தூக்கலாகக் கலந்த கரடான சாந்தைச் சுவரில் பூசிக் காயவிடுவார்கள். இத்தாலியக் கொத்தனார்கள் இதை அர்ரிச்சோ என்பார்கள். அதன்மேல், அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும், நைசான சாந்தை மெல்லிசாக இழுப்பார்கள். இது இன்டோனாகோ. படத்தை முன்பே முழு அளவில் தாளில் வரைந்து, கோடு நெடுகிலும் ஊசியால் குத்தி வைத்திருப்பார்கள். தாளை ஈரச் சாந்தின்மேல் பிடித்துக்கொண்டு கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் தட்டினால், துளை வழியே புள்ளிகள் விழுந்து உருவம் தெரியும். அப்புறம்தான் தூரிகை. சாயத்தைக் குழைப்பது வெறும் தண்ணீரில். பசை, முட்டை, எண்ணெய் எதுவும் கிடையாது.

ஒட்டும் வேலையைச் சுவரே பார்த்துக்கொள்கிறது. சாந்து காயும்போது அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு கூடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, சுட்டு நீற்றிய சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிறது. சாயத் துகள்கள் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கின்றன. தண்ணீர் விட்டுத் துடைத்தாலும் போகாது.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். பூசிய சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். அவசரப்பட்டால் தூரிகை சாந்தைப் பிறாண்டிக்கொண்டு வரும். தாமதித்தால் சாயம் பிடிக்காமல் மேலாகவே நின்று, தொட்டால் விரலில் ஒட்டும். பிசகிவிட்டால் அழிப்பதற்கு வழியில்லை, அந்தத் துண்டைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதுதான். அன்றன்றைய பூச்சின் ஓரங்களைச் சாய்வாகச் சீவிவிட்டு மறுநாள் அதை ஒட்டித் தொடர்வார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் இந்த இணைப்புக் கோடுகள் இன்றும் தெரியும். அவற்றை எண்ணித்தான் ஆதாமின் உருவத்துக்கு மைக்கேலேஞ்சலோ 4 நாள் எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடிகிறது. நிறங்களிலும் கட்டுப்பாடு உண்டு. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை காவி, மஞ்சள் காவி, பச்சை மண் போன்ற மண் சாயங்கள். அஸுரைட் என்ற தாது நீலத்தைச் சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்துத்தான் தடவ வேண்டும். பழைய சுவர்களில் நீல அங்கிகள் மட்டும் உதிர்ந்து நிற்பது அதனால்தான்.

லியொனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவராது. ஒரு நாள் முழுக்க வரைவார், மறுநாள் வந்து பார்த்துவிட்டு இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போவார். நிழலை அடுக்கடுக்காக ஏற்றுவதும் திருத்தித் திருத்தி எழுதுவதும் அவர் பாணி. எனவே மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரை, மரப்பலகையைத் தயார் செய்வதைப் போலத் தயார் செய்தார். காய்ந்த சுவரில் சுண்ணத்தூள் பூச்சு, அதன்மேல் ஈய வெள்ளை, அதற்கும் மேலே முட்டையும் எண்ணெயும் சேர்ந்த சாயம். 1495 முதல் 1498 வரை வேலை நடந்தது. சுவரின் ஈரம் வெளியேற வழி தேடியபோது பூச்சு தடுத்தது. பூச்சு சுவரைவிட்டு எழும்பி, செதில் செதிலாக விழுந்தது. 1517இலேயே பழுதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு 1652இல் மடத்தார் அந்தச் சுவரில் வாசல் உடைத்து, ஓவியத்தில் இயேசுவின் பாதங்களைக் காலிசெய்தார்கள். 1978இல் தொடங்கிய கடைசிப் பழுதுபார்ப்பு 1999 வரை இழுத்தது.

மைக்கேலேஞ்சலோவுக்கும் சறுக்கல் உண்டு. விதானத்தில் முதலில் எடுத்துக்கொண்ட பிரளயக் காட்சியில் பூஞ்சை பூத்துவிட்டது. ரோமாபுரியில் சாந்துக்கு மணலுக்குப் பதில் பொஸ்ஸொலானா என்ற எரிமலைச் சாம்பலைச் சேர்ப்பார்கள். ஃப்ளாரன்ஸ்காரரான மைக்கேலேஞ்சலோவுக்கு அந்தக் கலவை பழக்கமில்லை, தண்ணீர் கூடிப்போனது. ஜூலியானோ டா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞர் வந்து வழி சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது.

விதானத்தை அவர் நான்கு ஆண்டும் மல்லாந்து படுத்தபடியே வரைந்தாராமே? (கோயம்புத்தூர்)

இல்லை. 1508 முதல் 1512 வரை சாரத்தின்மேல் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்துதான் வரைந்தார். தன் கழுத்து வலியையும், முகத்தில் சொட்டும் சாயத்தையும் பற்றி அவரே ஒரு கவிதை எழுதி, ஓரத்தில் நின்றபடி கையுயர்த்தி வரையும் ஆளின் கோட்டுச் சித்திரத்தையும் போட்டிருக்கிறார். அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

அல்ட்ராமரின் நீலம் தங்கத்தைவிட விலை அதிகம் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். உண்மையா? கல்லை அரைத்தால் நீலம் வந்துவிடாதா? (மதுரை)

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம். மூலப்பொருள் லாபிஸ் லாசுலி என்ற கல். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்தது. நீலத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் தங்கம்போல் மினுக்கும் பைரைட்டும் கலந்தே இருக்கும். அப்படியே அரைத்தால் சாம்பல் பூத்த நீலம்தான் கிடைக்கும், காசு கொடுத்தவர் முகம் சுளிப்பார்.

1400 வாக்கில் எழுதப்பட்ட ஓவியர் கையேடு ஒன்று அளவோடு வழி சொல்கிறது. மாவாக அரைத்த கல் 1 ராத்தலுக்கு பைன் பிசின் 6 அவுன்ஸ், மஸ்தகிப் பிசின் 3 அவுன்ஸ், புது மெழுகு 3 அவுன்ஸ் (அங்கே ராத்தலுக்கு 12 அவுன்ஸ்). மூன்றையும் உருக்கி வடிகட்டி, கல் மாவைச் சேர்த்துச் சப்பாத்தி மாவைப்போலப் பிசைய வேண்டும். குறைந்தது மூன்று நாள் இரவும் பகலுமாக வைத்திருந்து, தினமும் பிசைந்து கொடுக்க வேண்டும். பிறகு விறகுச் சாம்பலிலிருந்து வடித்த வெதுவெதுப்பான காரநீரில் போட்டு இரண்டு குச்சிகளால் அமுக்கி உருட்டினால், நீலத் துகள் மட்டும் நீருக்குள் இறங்கும். கால்சைட்டும் பைரைட்டும் பிசினோடு தங்கிவிடும். நீர் நல்ல நீலமானதும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவைத்து, புதிய காரநீர் விட்டு மறுபடியும் பிசைவார்கள். முதல் ஈடு ஆழ்நீலம். போகப்போக வெளுத்து, கடைசி ஈடு சாம்பல் நிறத்தில் வரும். எல்லா ஈடுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இனி விலை. 1485இல் ஃப்ளாரன்ஸின் அநாதைக் குழந்தைகள் விடுதிக்காக டொமெனிகோ கிர்லாண்டாயோ எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியை 30 மாதத்துக்குள் வரைய வேண்டும், கூலி 115 ஃப்ளோரின், சாயமும் தங்கமும் ஓவியர் செலவு. அதில் நீலத்துக்கென்றே ஒரு வரி: அவுன்ஸ் 4 ஃப்ளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரினாக இருக்க வேண்டும். ஒரு ஃப்ளோரின் நாணயத்தில் ஏறத்தாழ 3.5 கிராம் தங்கம். அப்படியானால் 4 ஃப்ளோரின் என்பது 14 கிராம் தங்கம். ஃப்ளாரன்ஸ் அவுன்ஸ் சுமார் 28 கிராம். ஆக, இந்த நீலம் எடைக்கு எடை தங்கத்தில் பாதி விலைதான். மேலே சொன்ன கையேடு முதல் ஈட்டுக்கு அவுன்ஸ் 8 டுகாட் (வெனிஸின் தங்க நாணயம்) என்கிறது. டுகாட்டிலும் அதே அளவு தங்கம், எனவே அங்கே கணக்கு தங்கத்துக்குச் சமமாக வந்து நிற்கிறது. ‘தங்கத்தைவிட’ என்பது சொல்பவர் சேர்த்துக்கொண்ட உப்புக்காரம்.

ஒப்பந்தத்தில் விலையைக் குறிப்பிட்டதற்குக் காரணம், ஏமாற்ற வழி இருந்தது. அஸுரைட் என்ற செப்புத் தாதுவும் நீலம்தான், விலையோ மிகக் குறைவு. நாளடைவில் ஈரம் பட்டால் பச்சை அடிக்கும். கண்டுபிடிக்க எளிய சோதனை இருந்தது: ஒரு சிட்டிகையை இரும்பில் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் அஸுரைட் கறுத்துவிடும், அல்ட்ராமரின் நிறம் மாறாது. நேர்மையான ஓவியர்களும் அடியில் அஸுரைட் பூசி மேலே மட்டும் அல்ட்ராமரின் இழைத்துச் செலவைக் குறைத்தார்கள். அது திருட்டில் சேராது.

வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன ஊரில் மெடிச்சி குடும்பம் வங்கி நடத்தியது எப்படி? (காரைக்குடி)

காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கடனுக்கு மேல் நிச்சயமாக இவ்வளவு என்று பேசி வாங்கினால் அது வட்டி, பாவம். ஆனால் ஓர் ஊரில் ஒரு நாணயத்தைக் கொடுத்து, வேறோர் ஊரில் வேறொரு நாணயத்தை வாங்கினால் அது நாணய மாற்று, வியாபாரம். இந்த இடுக்கில்தான் மாற்றுச்சீட்டு நுழைந்தது.

15ஆம் நூற்றாண்டு நிலவரத்தை ஒட்டி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெனிஸில் ஒரு வணிகருக்கு 1,000 டுகாட் தேவை. வங்கி கொடுக்கிறது. அவர் லண்டனிலுள்ள தன் ஆளுக்குச் சீட்டு எழுதித் தருகிறார்: மூன்று மாதம் கழித்து, டுகாட்டுக்கு 47 பென்ஸ் வீதம், வங்கியின் லண்டன் ஆளிடம் செலுத்தவும். வெனிஸுக்கும் லண்டனுக்கும் தவணை மூன்று மாதம் என்பது வழக்கம். தவணை வந்ததும் லண்டனில் 47,000 பென்ஸ், அதாவது 195 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ் வசூலாகிறது. லண்டன் ஆள் அதை வைத்து வெனிஸ்மேல் வேறொரு சீட்டு வாங்குகிறார். லண்டன் சந்தையில் அன்று டுகாட் 44 பென்ஸ். இன்னும் மூன்று மாதம் போனால் வெனிஸில் வங்கியின் கைக்கு 1,068 டுகாட் திரும்பி வருகிறது. ஆறு மாதத்தில் 68 டுகாட் மிச்சம், ஆண்டுக்குச் சுமார் 13.6 விழுக்காடு. ஏட்டில் எங்கும் ‘வட்டி’ என்று ஒரு எழுத்து இருக்காது.

டுகாட்டுக்கு வெனிஸில் 47, லண்டனில் 44 என்று இரண்டு விலை இருப்பது தற்செயல் இல்லை. வெனிஸில் கொடுப்பது ரொக்கம், லண்டனில் கிடைப்பது மூன்று மாதம் கழித்து வரும் பணம். அந்தக் காத்திருப்பின் கூலிதான் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதேசமயம் இது நிச்சய லாபமும் இல்லை. இடையில் லண்டன் விலை 48க்கு ஏறிவிட்டால் திரும்பி வருவது 979 டுகாட், 21 டுகாட் நஷ்டம். இந்த ஆபத்தைக் காட்டித்தான் இறையியலாளர்கள் பலர் அனுமதித்தார்கள். சரக்கும் இல்லாமல், சில சமயம் சீட்டு லண்டன் போகாமலே, ஏட்டில் மட்டும் போய்வந்த மாற்றை ‘உலர் மாற்று’ என்று சொல்லிக் கண்டித்தார்கள். கண்டித்தும் நடந்தது.

வங்கியிடம் பணம் போட்டவர்களுக்கும் இதேபோல வட்டி என்று பேச மாட்டார்கள். ஆண்டு முடிவில் வங்கி ‘தன் விருப்பப்படி’ ஒரு அன்பளிப்பு தரும். சட்டப்படி கேட்க உரிமையில்லை. தராவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் பணம் போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஜியோவன்னி டி பிச்சி 1397இல் தொடங்கிய இந்த வங்கி 1494இல் குடும்பத்தை ஃப்ளாரன்ஸைவிட்டு விரட்டியபோது முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே அது புரையோடியிருந்தது. மாற்றுச்சீட்டில் கெட்டிக்காரர்களான கிளை நிர்வாகிகள், ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் கடன் கொடுப்பதில் அசடர்களாக இருந்தார்கள். புரூஜ் நகரக் கிளை பர்கண்டி பிரபு சார்லஸுக்கு அள்ளிக் கொடுத்தது. அவர் 1477இல் போர்க்களத்தில் செத்தார். கடனை யாரிடம் போய்க் கேட்பது?

இரட்டைப் பதிவுக் கணக்கைக் கண்டுபிடித்தவர் லூகா பச்சோலி என்று வணிகவியல் வகுப்பில் படித்தேன். (திருநெல்வேலி மாணவி)

தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உண்மை வேறு. பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தை விளக்கி எழுதினார். அந்த வழக்கத்துக்கு அப்போதே இருநூறு வயது. தெற்குப் பிரான்ஸில் தொழில் செய்த ஃப்ளாரன்ஸ் வணிகர்களின் 1299–1300ஆம் ஆண்டுப் பேரேட்டில் இரட்டைப் பதிவு இருக்கிறது. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்கிலும் இருக்கிறது. பச்சோலி சொன்ன ஏடுகள் மூன்று: நடந்ததை நடந்தபடி எழுதும் சிட்டை, அதைப் பற்று வரவாகப் பிரிக்கும் குறிப்பேடு, கணக்குவாரியாகச் சேர்க்கும் பேரேடு. இரு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துவந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. தொகை சரியாக இருந்து, ஆள் மாறி வேறொருவர் கணக்கில் ஏறியிருந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்காது.

பிணத்தை அறுத்துப் பார்ப்பதைத் திருச்சபை தடைசெய்திருந்ததாகவும், வெசாலியஸ் அதைத் துணிந்து மீறினார் என்றும் படித்தேன். (யாழ்ப்பாணம்)

அப்படிப் பொதுத் தடை இருக்கவில்லை. 1299இல் போப் எட்டாம் போனிஃபாஸ் தடுத்தது, வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலை வேகவைத்து எலும்பை மட்டும் ஊருக்கு எடுத்துவரும் வழக்கத்தை. பொலோனாவில் மொண்டினோ என்ற மருத்துவ ஆசிரியர் 1315 வாக்கிலேயே மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். தட்டுப்பாடு உடலுக்குத்தான். கிடைத்தவை பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள். அதனால் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் அழுகும் வயிற்றில் தொடங்கி, மார்பு, தலை என்று போய், கை கால்களைக் கடைசியில் அறுப்பார்கள்.

வெசாலியஸின் துணிச்சல் மீறியது காலன் என்ற கிரேக்க மருத்துவரைத்தான். 1,300 ஆண்டுகளாகக் காலன் எழுதியதே வேதம். அவர் அறுத்துப் பார்த்தவை குரங்கும் பன்றியும். பதுவாவில் கற்பித்த வெசாலியஸ் தன் கையாலேயே மனித உடலை அறுத்து, கீழ்த்தாடை இரண்டு எலும்பு அல்ல ஒன்றுதான் என்றும், மார்பெலும்புக்கு ஏழு துண்டு இல்லை மூன்றுதான் என்றும் 1543இல் அச்சிட்டார். அப்போது அவருக்கு 28 வயது.

ஐரோப்பாவில் பரவிய அச்சுக்கலை தமிழுக்கு எப்போது வந்தது? (சென்னை)

1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20 என்று தேதியிட்ட 16 பக்கச் சிறு நூல். அச்சிட்ட இடம் கொல்லம். மொழிபெயர்த்தவர் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார். எழுத்துகளை 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்த்தார்கள்.

முறை குட்டன்பர்க் காலத்து முறையேதான். எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கி, அதைச் செம்புக் கட்டியில் அடித்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். அதில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலவையை உருக்கி ஊற்றுவார்கள். ஆன்டிமனி இல்லாவிட்டால் ஈயம் ஆறும்போது சுருங்கி எழுத்தின் ஓரம் மழுங்கும், அழுத்தத்தில் சீக்கிரம் நசுங்கும். லத்தீனுக்கு இருபத்துச் சொச்சம் எழுத்தைச் செதுக்கினால் அடிப்படை வேலை முடிந்தது. தமிழில் கொம்பையும் காலையும் தனியே வார்த்துப் பக்கத்தில் கோத்துவிடலாம். ஆனால் உகர, ஊகார வரிசைகளில் எழுத்தே உருமாறுகிறது. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் 36 தனி அச்சு வேண்டும்.

பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். கட்டம் போட்ட தரையைப் பெர்ஸ்பெக்டிவ் முறையில் (தூரம் போகப்போகச் சிறுத்துத் தெரியும்படி) வரைய 15ஆம் நூற்றாண்டில் என்ன செய்தார்கள்? மாணவர்களுக்கு அப்படியே சொல்லித்தர முடியுமா? (சேலம்)

தாராளமாக. 1435இல் ஆல்பர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் எழுதிவைத்த முறைக்கு அளவுகோலும் நூலும் போதும். அவர் மனித உயரத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைத் தரைக் கட்டத்தின் பக்கமாகக் கொள்கிறார்.

தாளின் அடியில் 24 செ.மீ. கோடு போட்டு 4 செ.மீ. வீதம் ஆறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு 4 செ.மீ. என்றால் ஆள் உயரம் 12 செ.மீ. ஆகவே அடிக்கோட்டுக்கு 12 செ.மீ. மேலே அடிவானக் கோடு. அதன் நடுவில் மறைபுள்ளி. அடிக்கோட்டின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுத்தால் உள்நோக்கி ஓடும் கோடுகள் தயார். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். குறுக்குக் கோடுகளை எந்த உயரத்தில் போடுவது என்பதில்தான் திணறுவார்கள்.

அதற்கு வேறொரு தாள். ஒரு தரைக்கோடு, அதன்மேல் ஒரு செங்குத்துக் கோடு. செங்குத்துக்கு இடப்பக்கம் 24 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி: பார்ப்பவரின் கண். வலப்பக்கம் தரையில் 4, 8, 12, 16, 20, 24 செ.மீ. தூரங்களைக் குறித்து, கண்ணிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கோடு இழுக்க வேண்டும். செங்குத்தை அவை வெட்டும் உயரங்கள்தான் குறுக்குக் கோடுகளின் இடம். கீழிருந்து 1.7, 3.0, 4.0, 4.8, 5.5, 6.0 செ.மீ. என்று வரும். இவற்றை முதல் தாளுக்கு மாற்றிக் குறுக்கே கோடு போட்டால் தரை முடிந்தது.

சரிபார்க்க, இடது கீழ் மூலையிலிருந்து ஆறாவது குறுக்குக் கோட்டின் வலது முனைக்கு அளவுகோலை வையுங்கள். இடையிலுள்ள கட்டங்களின் மூலைகள் எல்லாம் அதே நேர்க்கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோட்டை நீட்டினால், மறைபுள்ளிக்கு வலப்பக்கம் சரியாக 24 செ.மீ. தள்ளி அடிவானத்தைத் தொடும்.

மூலைவிட்டம் வளைந்தால், மாணவர் குறுக்குக் கோடுகளைக் கண்மதிப்பில் போட்டிருக்கிறார் என்று பொருள். ஒவ்வோர் இடைவெளியையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காக்கும் பழக்கத்தை ஆல்பர்ட்டியே தவறென்று எடுத்துக்காட்டியிருக்கிறார். மேலே வந்த இடைவெளிகளை வகுத்துப் பாருங்கள். விகிதம் 0.75, 0.78, 0.80 என்று மாறிக்கொண்டே போகிறது, எங்கும் நிலையாக இல்லை. இன்னொரு பிழை, கண்ணைப் படத்துக்கு மிக அருகில் வைப்பது. 24க்குப் பதில் 8 செ.மீ. வைத்தால் முதல் கட்டத்தின் உயரமே 4 செ.மீ. ஆகிவிடும். தரை, சுவரேறுவதுபோல் நிமிர்ந்து நிற்கும்.

இந்தத் தரையில் ஆட்களை நிறுத்தும்போது, அருகில் நிற்பவர், தூரத்தில் நிற்பவர் எல்லோருடைய தலையும் அடிவானக் கோட்டையே தொட வேண்டும். பாதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து உருவம் சின்னதாகும். பெரிய பரப்பில் வரைவதானால் மறைபுள்ளியில் ஓர் ஆணி அடித்து நூல் கட்டி இழுக்கலாம். ஃப்ளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த திரித்துவ ஓவியத்தில், அந்த ஆணியின் துளையும் ஈரச் சாந்தில் கீறிய கோடுகளும் இன்னும் இருக்கின்றன.